பச்சைப் பட்டன்

அண்ணன் பழனிவேல் போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கருமாதிக்கு வந்த சொந்தங்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பெயர் சொல்லி அழ ஆள் இல்லாத வீட்டில் இனிமேல்தான் துக்கம் தனியாக உட்காரும் என்பது சுகன்யாவுக்குத் தெரியும். அம்மா போனபோது பார்த்திருக்கிறாள்.

அரியலூரில் தன் வீட்டுச் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காலை எட்டு மணிக்குப் பேசுவதாக மேனேஜர் அறிவுச்செல்வன் சொல்லியிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை. கணவன் ராஜராஜன் வந்து அணைத்தான்.

"என்ன சுகன்யா? ஒரு வாரமா நீ நீயாவே இல்லயே."

"ஒண்ணுமில்லங்க. அண்ணன் நெனப்புதான்."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் கருமாதியன்றுதான் தெரிந்துகொண்டாள். சாமியறையில் வைத்திருந்த அண்ணனின் போனை எடுத்து, மோட்டார் ஆப்பைத் திறந்து பார்த்தாள். வீட்டில் இருந்தபடியே கிணற்று மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படுகிற ஆப். திருச்சியில் இருக்கும் 'நீர்விசை' கம்பெனி செய்தது. தமிழில் எழுதிக்கொடுக்கிற வேலைக்காக ஐந்து வருடமாக அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி. அண்ணனுடைய மோட்டார் கொட்டகையில் அதற்கான பெட்டியை முன்நின்று மாட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

ஆப்பின் மூலையில், பொடி எழுத்தில், 4.0 என்று இருந்தது.

இருந்திருக்க வேண்டியது 3.2. அதுதான் மாதக்கணக்கில் சோதித்து, எல்லாருக்கும் கொடுத்தது. 4.0 இன்னும் சோதனையில் இருந்தது. விருப்பப்பட்ட சிலர் போட்டுப் பார்த்துக் குறை சொல்லட்டும் என்று முன்கூட்டியே வைத்தது. குறை இருக்கத்தான் செய்தது. டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில், நிறுத்தச் சொல்லி விரலை வைத்த உடனேயே 'மோட்டார் நின்றுவிட்டது' என்று காட்டிவிடும். பெட்டிக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை.

இறந்த அன்று காலை பழனிவேல் மோட்டாரை நிறுத்தச் சொல்லி அழுத்திவிட்டுப் போனைப் பார்த்தான். நின்றுவிட்டது என்று இருந்தது. தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார், ஓடினாலும் மேலே சத்தம் கேட்காது. வயர் ஜாயின்ட் நழுவித் தண்ணீர்ப் பக்கம் தொங்குகிறதே என்று கிணற்றுப் படியில் இறங்கிக் கையால் பிடித்துத் தூக்கினான்.

கரண்ட் இருந்தது.

போன் அடித்தது. அறிவுச்செல்வன்.

"சுகன்யா, அப்பா எப்படியிருக்காரு?"

"இருக்காருங்க சார்."

"நான் சொல்றத வேற மாதிரி எடுத்துக்காதம்மா. ஆபீஸ்ல பதிவு எல்லாம் பாத்துட்டாங்க. ஒன்பதாம் தேதி காலை பத்து நாப்பத்திரண்டுக்கு உங்க அண்ணன் போன்லேர்ந்துதான் 4.0 இறங்கியிருக்கு. 'இது முன்னோட்டப் பதிப்பு, சம்மதமா'ன்னு கேட்டிருக்கு. சம்மதம்னு அழுத்தியிருக்காரு. அவரே தெரிஞ்சுதான் போட்டாருன்னு வீட்டுலேர்ந்து ஒரு கடுதாசி இருந்தா, இது இதோட முடிஞ்சிரும். நீயே போய் வாங்கிட்டு வந்துட்டா நல்லது."



"சார், இப்ப இன்னும் எத்தனை பேர் போன்ல 4.0 இருக்கு?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"அவங்களுக்குச் சொல்லிட்டோமா?"

"சரிபண்ணினது ரெண்டு வாரத்துல வந்துரும். அதுக்குள்ள எல்லாரையும் பயமுறுத்த வேணாம்னு முதலாளி நெனைக்கிறாரு."

"ரெண்டு வாரம் கெணத்துல யாரும் எறங்காம இருப்பாங்களா சார்?"

"கடுதாசிய மறந்துராதம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

லேப்டாப்பில் கம்பெனியின் டவுன்லோடு பக்கம் திறந்திருந்தது. மேலே பெரிய பச்சைப் பட்டன்: 'முன்னோட்டப் பதிப்பு 4.0 – புத்தம் புதியது!' அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக: 'நிலையான பதிப்பு 3.2'. நிறையப் பேர் போட்டுப் பார்க்க வேண்டும், மேலே வை, பச்சையாக வை என்று சொன்னது அறிவுச்செல்வன். ஆனால் அந்தத் தமிழ் சுகன்யாவுடையது. முன்னோட்டம் என்ற சொல் கிடைத்த அன்று, நல்ல தமிழ்ச் சொல் என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

ஒன்பதாம் தேதி. பத்து நாற்பத்திரண்டு.

அவள் தன் போனில் பழைய அழைப்புகளைத் தேடினாள். அதே நாள், காலை பத்தரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்தபோது அண்ணன் குரல். 'செட்டிகுளம் மண்டியில வெங்காயம் போட வந்தேன் பாப்பா. போன வூட்டுலயே சார்ஜ்ல வுட்டுட்டு வந்துட்டேன். டிரைவர் போன்லேர்ந்து பேசறேன். லாவண்யா பொறந்தநாளுக்கு வந்துரு, சரியா?'

அழுத்தியது அண்ணன் இல்லை.

சுகன்யா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

*

பெரம்பலூரில் பஸ் மாறி, கிருஷ்ணாபுரம் வழியாக அரும்பாவூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கு நடந்தாள்.

அப்பா அண்ணாதுரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம், தண்ணீர் காணாமல் தாள் மஞ்சளாகித் தலை சாய்ந்திருந்தது. அந்த நாளுக்குப் பிறகு மோட்டார் போடவே இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் தண்ணீர் விடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

"வா பாப்பா. சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. ஏம்பா இப்படிக் காய வுடறீங்க?"

"எதுக்கு? அந்தக் கெணத்துத் தண்ணிய நான் பாய்ச்சணுமா?" என்றார். அவர் கிணற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. "அவனுக்கு அஞ்சாங் கிளாஸ் படிக்கையிலயே சொல்லிக்குடுத்தேன். கரண்டு பீஸ் கட்டையப் புடுங்கிட்டு எறங்குடா, எந்த அவசரமா இருந்தாலும் பீஸப் புடுங்கிட்டு எறங்குடான்னு. கொட்டகைக்கு நாப்பதடி நடக்க ஒடம்பு வளையல. அவசரக் குடுக்கை. ஒரு பொண்ணையும் பொண்டாட்டியையும் நடுத்தெருவுல வுட்டுட்டுப் போயிட்டான் பாரு."

கருமாதியன்றும் இதையேதான் சொன்னார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னார். ஊரே இப்போது அப்படித்தான் பேசியது. பழனிவேல் அவசரப்பட்டுச் செத்தான் என்று.

சுகன்யாவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணன் அவசரப்படலப்பா. மோட்டார் நின்னுருச்சுன்னு போன் அவனுக்குச் சொல்லுச்சு. பொய் சொல்லுச்சு. அந்த ஆப் இன்னும் சரியாவாதது. அதப் போடாதீங்கன்னு சொல்ல வேண்டிய எடத்துல புத்தம் புதுசுன்னு எழுதி வச்சது நாந்தாம்பா."

சொல்லி முடித்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாதுரை ஒரு வெங்காயத் தாளைக் கிள்ளினார். விரலிடுக்கில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லலப்பா."

"சொல்லாத."

"அப்பா..."

"அவன் அவசரப்பட்டான்னு நெனச்சா எனக்கு அவன்மேல கோவம் வருது பாப்பா. அந்தக் கோவத்துல ஒரு பொழுது போயிருது. மறுநாளு மறுபடி கோவப்பட்டுக்கறேன். ஒன்னாலன்னு நெனைக்கச் சொன்னா நான் எங்க போவேன்? எனக்கு இருக்கறது நீ ஒருத்தி. ஒன்னையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"

அவள் அழுதாள். அவர் அவள் தலையைத் தொடவில்லை. கையில் இருந்த தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"வூட்டுக்குப் போ. ஜெயசுதா காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. நீ இருந்தா ரெண்டு வாயாவது திம்பா."

*

அண்ணி ஜெயசுதா கூடத்தில் மகள் லாவண்யாவின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து, "வா சுகன்யா" என்றாள். குரலில் ஈரம் இல்லை. அழுது தீர்ந்துபோன குரல்.

இருவரும் ஒரே தட்டில் ரசம் சாதம் பிசைந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி நாலு கவளம் சாப்பிட்டாள். பிறகு கை தட்டிலேயே நின்றது.

"ஒன்னய ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ அந்தக் கம்பெனியிலதான இருக்க, ஒனக்குத் தெரியும். முன்னோட்டம்னா என்னா சுகன்யா?"

சுகன்யா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"ஏன் அண்ணி?"

"ஒங்கண்ணன் செட்டிகுளம் போயிருந்தாரு. போன் வூட்டுலதான் கெடந்துச்சு. புதுசு வந்திருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. சரி, அவரு வர்றதுக்குள்ள போட்டு வைப்போம், அவருக்கு இதெல்லாம் பொறுமை கெடையாதுன்னு நாந்தான் தொறந்தேன். ரெண்டு இருந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டுப் போடல சுகன்யா. ரெண்டு தரம் படிச்சுப் பாத்தேன். முன்னோட்டம்னு பச்சையா இருந்துச்சு. முன்னால ஓடறது, முன்னேறினதுன்னு நெனச்சேன். கீழ இருந்தது நிலையானதுன்னு இருந்துச்சு. அப்படியே நின்னு போனது போலருக்கு, பழசு போலருக்குன்னு நெனச்சேன். நம்பரும் அதுலதான் பெருசா இருந்துச்சு, நாலுன்னு."

அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண்.

"சாயங்காலம் வந்து பாத்துட்டு, யாரு போட்டது, பளபளன்னு நல்லாருக்கேன்னாரு. நாந்தான்னேன். சிரிச்சாரு." ஜெயசுதா சுகன்யாவின் முகத்தையே பார்த்தாள். "அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லதான?"

பஸ்ஸில் வரும்போது சுகன்யா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். எழுதியது நான், என்னை மன்னியுங்கள் என்று காலில் விழ நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கண்கள் எதிரே இருந்தன. தன் பாரத்தை இறக்கி வைக்க வேண்டுமென்றால், அண்ணியின் விரலைச் சுட்டிக்காட்டாமல் இறக்க வழியில்லை. நான் தப்பாக எழுதினேன் என்றால், நீங்கள் அதை அழுத்தினீர்கள் என்பதும் கூடவே வந்துவிடும்.

"இல்லண்ணி" என்றாள். "ஒண்ணுமில்ல. அது வேற, இது வேற."

ஜெயசுதா மூச்சை விட்டாள். இருபத்து மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது.

"அப்பாடா. இத யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்" என்று சொல்லி, அடுத்த கவளத்தை எடுத்தாள்.

*

சுகன்யா கொல்லைப்புறம் போய் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். கடுதாசிக்காக ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். 'ஐயா, என் கணவர்' என்று அண்ணி எழுதுவது போலத் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டவில்லை.

கம்பெனிப் பக்கத்தை மாற்ற அவளிடம் பாஸ்வேர்டு இருந்தது. யாரையும் கேட்காமல் அதைச் செய்தால் வேலை போகும். போகட்டும் என்று தோன்றியது.

3.2-ஐ மேலே கொண்டுவந்தாள். 'நிலையான' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'நன்றாகச் சோதித்தது. எல்லாரும் இதைத்தான் போட வேண்டும்' என்று எழுதினாள். 4.0-ஐப் பக்கத்தின் அடியில் தள்ளிப் பச்சையை எடுத்தாள். 'இன்னும் சோதனையில் இருக்கிறது. தவறாகக் காட்டும். எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து இதைப் போட்டுவிடாதீர்கள்' என்று எழுதினாள். அண்ணி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் இருந்தது. அந்த வார்த்தைகளுக்குப் பதில் சொல்வது மாதிரியே எழுதினாள்.

அது இனிமேல் போடப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்? பெட்டி வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்பும் வேலையும் அவளுடையதுதான். 4.0 வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்தாள்.

'உங்கள் போனில் இருக்கும் நீர்விசை 4.0 சோதனைக்காக வைத்தது. மோட்டார் ஓடும்போதே நின்றுவிட்டது என்று காட்டும். அதை நம்பிக் கிணற்றில் இறங்காதீர்கள். வயரைத் தொடாதீர்கள். மெயினை அணைத்து, பீஸைப் பிடுங்குங்கள். உடனே 3.2-க்கு மாறுங்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். சுகன்யா.' கீழே டவுன்லோடு பக்கத்தின் லிங்கையும் தன் சொந்த நம்பரையும் போட்டாள்.

அனுப்பினாள்.

கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குள்ளே ஒரு போன் கிணுகிணுத்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அண்ணனும் ஒருவன். அவன் போனைத்தான் லாவண்யாவின் பள்ளித் தகவலுக்காக அண்ணி சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

எழுந்து ஓடினாள். கூடத்தில் ஜெயசுதா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடு அசைந்தது. ஒரு தரம் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். எப்போதும் அவள் ரெண்டு தரம் படிப்பவள்.

"அண்ணி..."

"இது நீ எழுதுனதா?"

"ஆமாண்ணி."

"அந்தப் பச்சைப் பட்டன்ல இருந்ததும் நீ எழுதுனதுதானா?"

"ஆமாண்ணி. தப்பு என்னோடது. நீங்க..."

ஜெயசுதா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"இது புரியுது சுகன்யா. ஒரு தரம் படிச்சாலே புரியுது. லாவண்யாகூடப் புரிஞ்சுக்குவா." குரல் உடைந்தது. "மொதல்லயே இப்படி எழுதியிருக்கக் கூடாதா?"

அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வாய்விட்டு அழவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சிரிச்சாரே... நல்லாருக்குன்னாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சுகன்யா எதிரே மண்டியிட்டாள். என்ன சொன்னாலும் அது ஆறுதலாக இருக்காது என்று தெரிந்தது. தொடவும் பயமாக இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். நின்றது. உடனே மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுகன்யாம்மாங்களா? விக்கிரமங்கலத்துலேர்ந்து வீரமுத்து பேசறேன். இப்ப ஒரு மெசேஜ் வந்துச்சுங்க. நான் கெணத்துக்கிட்டதான் நிக்கறேன். மோட்டார் நின்னுருச்சுன்னு காட்டுது. எறங்கலாமா வேணாமாங்க? இதுல எதப் போடணும்? எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா."

சுகன்யா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"அலோ? அம்மா? இருக்கீங்களா? எறங்கட்டுங்களா?"

ஜெயசுதா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"எறங்காதீங்கண்ணே" என்றாள். "மேலேயே நில்லுங்க. மொதல்ல கொட்டகைக்குப் போயி மெயின அணைங்க. பீஸப் புடுங்கிக் கையில வச்சுக்கங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது. இரும்புப் பெட்டி திறந்தது.

"புடுங்கிட்டேன்மா."

"சரி. இப்ப மெசேஜ்ல இருக்கற பக்கத்தத் தொறங்க. அதுல மூணு புள்ளி ரெண்டுன்னு இருக்கா?"

"இருக்குங்க. கீழ நாலுன்னு ஒண்ணு இருக்கே, அதுதான புதுசு?"

ஜெயசுதாவின் கண்ணில் நிறைந்து நின்றது கன்னத்தில் இறங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"புதுசுதாண்ணே. ஆனா அது இன்னும் சரியாவல. நம்பர் பெருசா இருக்குன்னு அதத் தொடாதீங்க. எங்க வூட்டுல அதத்தான் போட்டோம். நான் போட்டேன். மூணு புள்ளி ரெண்ட அழுத்துங்க."

"சரிம்மா... அழுத்திட்டேன். டவுன்லோடு ஓடுது. ரொம்பப் புண்ணியமாப் போச்சும்மா."

ஜெயசுதா போனைத் தரையில் வைத்தாள். அதற்குள் இன்னொரு நம்பர் அடிக்கத் தொடங்கியது. நடுவில் அறிவுச்செல்வன் பெயரும் வந்து வந்து போனது.

சுகன்யா நிமிர்ந்தாள். வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. மண் ஒட்டிய கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போட்டியாம்மா?" என்றார்.

ஜெயசுதா அடிக்கிற போனை எடுத்துக் காதில் வைத்து, "எறங்காதீங்க, மேலேயே நில்லுங்க" என்றாள்.